நெடுந்தூர ட்ரையத்லானுக்குத் தயாராகும் நம்ம ஊர்க்காரர்கள்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

வேலூரில் விடியற்காலை நாலரை மணிக்குக் கணியம்பாடிப் பக்கமோ காட்பாடி சாலையிலோ போகிறவர்கள் இவர்களைப் பார்த்திருப்பார்கள். பின்பக்கம் சிவப்பு விளக்கு மினுக்க, குனிந்த தலை நிமிராமல் சைக்கிள் மிதித்துக்கொண்டு போவார்கள். நான் போட்டியாளர் இல்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் ஸ்கூட்டரில் தண்ணீர் கேனும் மாற்று டியூபும் வைத்துக்கொண்டு இவர்கள் பின்னால் போகிறவன். அதனால் டீக்கடையிலும் கல்யாண வீட்டிலும் எல்லாக் கேள்வியும் என்னிடம்தான் வருகிறது. அடிக்கடி வருகிற கேள்விகளுக்குப் பதில்களை இங்கே சேர்த்து வைத்திருக்கிறேன்.

ட்ரையத்லான் என்றால் என்ன? எவ்வளவு தூரம்?

நீச்சல், சைக்கிள், ஓட்டம். மூன்றையும் ஒரே நாளில், இடைவெளி விடாமல் செய்ய வேண்டும். உடை மாற்றுகிற நேரமும் கணக்கில் சேரும்.

நெடுந்தூரத்தில் இரண்டு வகை உண்டு. 'ஃபுல்' என்பது 3.8 கிலோமீட்டர் நீச்சல், 180 கிலோமீட்டர் சைக்கிள், 42.2 கிலோமீட்டர் ஓட்டம். 'ஹாஃப்' என்பது இதில் சரிபாதி. நம்ம ஊர்க் கணக்கில் சொன்னால், 180 கிலோமீட்டர் என்பது ஏறக்குறைய வேலூரிலிருந்து ஏலகிரி போய்த் திரும்புகிற தூரம். அதை முடித்து இறங்கியதும் ஓட வேண்டிய 42 கிலோமீட்டர், திருவண்ணாமலையில் மூன்று முறை கிரிவலம் சுற்றுவதற்குச் சமம். இதற்கெல்லாம் முன்பே, இருட்டு பிரிகிற நேரத்தில் தொடங்கிய நீச்சலை முடித்திருக்க வேண்டும்.

பெரும்பாலான ஃபுல் போட்டிகளில் மொத்தக் கெடு 17 மணி நேரம். நீச்சலுக்கு 2 மணி 20 நிமிடம் என்று தனிக் கெடுவும் உண்டு. அதைத் தாண்டினால் சைக்கிளைத் தொட விடமாட்டார்கள். இதைத்தான் 'கட் ஆஃப்' என்கிறார்கள்.

இதை யார் ஆரம்பித்தது?

இந்த ஃபுல் தொலைவுக்கு ஊர் ஹவாய். நீந்துகிறவனுக்கு உடல்வலு அதிகமா, ஓடுகிறவனுக்கா, சைக்கிள் மிதிப்பவனுக்கா என்று அங்கே ஒரு வாக்குவாதம். அமெரிக்கக் கடற்படையில் இருந்த ஜான் காலின்ஸும் அவர் மனைவி ஜூடியும், ஓவாஹு தீவில் ஏற்கெனவே நடந்துகொண்டிருந்த மூன்று பந்தயங்களை ஒன்றாகக் கோத்துவிட்டார்கள். 1978 பிப்ரவரி 18 அன்று 15 பேர் கிளம்பி 12 பேர் முடித்தார்கள். முதலில் வந்த கார்டன் ஹாலருக்கு 11 மணி 46 நிமிடம் ஆனது. அவர் டாக்சி ஓட்டியவர். 'அயர்ன்மேன்' என்ற பெயர் அங்கிருந்து வந்ததுதான். மறு வருடமே லின் லெமேர் என்ற பெண் கலந்துகொண்டு மொத்தத்தில் ஐந்தாவதாக வந்தார்.

இவர்களுக்கு இதுதான் வேலையா?

இல்லை. அதனால்தான் இந்தப் பக்கத்தையே எழுதுகிறேன்.

எனக்குத் தெரிந்தவர்களில் ஒருவர் ஆஸ்பத்திரியில் நர்ஸ். ஒருவர் ராணிப்பேட்டைத் தோல் தொழிற்சாலையில் சூப்பர்வைசர். ஒருவர் குடியாத்தத்தில் மளிகைக் கடை வைத்திருக்கிறார். ஒருவர் பள்ளி ஆசிரியை. சம்பளத்துக்கு ஓடுகிற தொழில்முறை வீரருக்குப் பயிற்சிதான் வேலை, மதியத் தூக்கமும் அந்த வேலையில் சேர்ந்தது. இவர்களோ எட்டு மணி நேர வேலைக்கு முன்னாலும் பின்னாலும் மிச்சமிருக்கிற நேரத்தில் இதைச் செய்கிறார்கள். அந்த நர்ஸ் தம்பி நைட் டூட்டி முடிந்து வந்ததும் படுக்கமாட்டார். முகம் கழுவி, இரண்டு இட்லியைத் தின்றுவிட்டு, டயரைக் கட்டைவிரலால் அழுத்திப் பார்த்துக் காற்றடித்து, வெயில் ஏறுவதற்குள் ஒன்றரை மணி நேரம் ஓட்டிவிட்டு வந்துதான் தூங்குவார். யாரும் அவரைக் கேட்கப்போவதில்லை. போகாவிட்டால் யாருக்கும் தெரியப்போவதுமில்லை. போகிறார்.

பதக்கம் இல்லை, பணம் இல்லை. அப்புறம் எதற்கு?

இந்த ஊருக்கு விளையாட்டுக்காரர்களைக் கொண்டாடத் தெரியும். சத்துவாச்சாரியிலிருந்து போன சதீஷ் சிவலிங்கம் 2014, 2018 காமன்வெல்த் போட்டிகளில் பளுதூக்குதலில் தங்கம் வாங்கியபோது நாம் எவ்வளவு பூரித்துப்போனோம்! அந்தப் பெருமை நியாயமானது. ட்ரையத்லானில் அப்படி ஊருக்குப் பதக்கம் எதுவும் வராது. முடிவுக் கோட்டைத் தாண்டியவர் எல்லோருக்கும் ஒரே மாதிரி ஒரு பதக்கம் தருவார்கள், அவ்வளவுதான்.

எதற்கு என்று நான் பலரிடம் கேட்டுப் பார்த்துவிட்டேன். அப்பாவுக்கு மாரடைப்பு வந்ததைப் பார்த்து ஓடத் தொடங்கினேன் என்றார் ஒருவர். சின்ன வயதில் தண்ணீரைக் கண்டால் பயம், அதை வெல்லத்தான் என்றார் இன்னொருவர். மளிகைக் கடைக்காரர், "கடையில நாளெல்லாம் மத்தவங்க கேக்கறதைத்தான் எடுத்துக் குடுக்கறேன். இது ஒண்ணுதான் நானா எடுத்துக்கிட்டது" என்றார். எனக்கு அது போதுமான பதிலாக இருந்தது.

ஒரு வாரம் எப்படிப் போகும்?

ஹாஃப் என்றால் வாரத்துக்கு எட்டிலிருந்து பத்து மணி நேரம், ஃபுல் என்றால் போட்டி நெருங்க நெருங்கப் பன்னிரண்டிலிருந்து பதினைந்து மணி நேரம் வரை போகும். இரண்டு மூன்று நாள் நீச்சல், மூன்று நாள் ஓட்டம், மூன்று நாள் சைக்கிள். ஞாயிற்றுக்கிழமை 'லாங் ரைடு'. பெரும்பகுதியை மூச்சு வாங்காமல் பேசிக்கொண்டே போகிற வேகத்தில்தான் செய்வார்கள். பார்க்கிறவர்கள் "என்னப்பா, மெதுவா போறான்" என்பார்கள். அந்த மெதுவில்தான் இதயமும் தசையும் நெடுந்தூரத்துக்குப் பழகுகின்றன.

இதில் நான் அதிகம் மதிக்கிற பயிற்சி 'பிரிக்'. சைக்கிளில் இருந்து இறங்கிய உடனே ஓடுவது. கோட்டைக்கு எதிரே ஒரு சுவரோரம் சைக்கிளைச் சாய்த்துவிட்டு, அதே இடத்தில் உட்கார்ந்து ஷூ மாற்றி, எழுந்து ஓடத் தொடங்குவார்கள். முதல் ஒரு கிலோமீட்டர் கால்கள் மரக்கட்டையாக இருக்கும். குனிந்தே பழகிய இடுப்பு நிமிராது. கறுப்புப் பனியன் முதுகில் உப்பு வெள்ளை வெள்ளையாகப் பூத்திருக்கும். கோட்டை மைதானத்தில் நடைப்பயிற்சி போகிற பெரியவர்கள்கூட அந்தச் சமயத்தில் இவர்களைத் தாண்டிப் போய்விடுவார்கள். ஓடுகிறவர் அதைப் பொருட்படுத்தமாட்டார். பத்து நிமிடத்தில் கால் அவர் வழிக்கு வந்துவிடும்.

போட்டிக்கு முன் இரண்டு மூன்று வாரம் பயிற்சியைப் பாதியாகக் குறைப்பார்கள். அது 'டேப்பர்'. அந்த நாட்களில் எல்லோருக்கும் சிடுசிடுப்பு வரும், கண்டுகொள்ள வேண்டாம்.

வேலூரில் கடலும் இல்லை, பாலாற்றில் தண்ணீரும் இல்லை. எங்கே நீந்துகிறார்கள்?

பாலாறு வருடத்தின் பெரும்பகுதி மணல்தான். 2021 நவம்பரில் கரைபுரண்டு வந்த மாதிரி தண்ணீர் வந்தாலும் அதில் இறங்கக் கூடாது. மணல் அள்ளிய குழிகள் எங்கே இருக்கின்றன என்று மேலிருந்து தெரியாது, அதில் உயிர்கள் போயிருக்கின்றன. கோட்டை அகழியும் நீச்சலுக்கான இடமில்லை.

எனவே நீச்சல் குளம்தான். 25 மீட்டர் குளத்தில் 3.8 கிலோமீட்டர் என்பது 152 முறை. சுவர், திரும்பு, சுவர், திரும்பு. பேச்சுத்துணை கிடையாது.

கிராமத்தில் வளர்ந்தவர்கள் விவசாயக் கிணற்றில் இடுப்பில் சுரைக்குடுக்கையோ பிளாஸ்டிக் கேனோ கட்டிக் கற்றவர்கள். கிணறு பயத்தை எடுத்துவிடும், மூச்சையும் பிடிக்கக் கற்றுக்கொடுக்கும். ஆனால் நேராக நீளத்துக்கு நீந்த அங்கே இடம் இல்லை. தலையை நீருக்குள் வைத்துக்கொண்டு பக்கவாட்டில் மூச்சு எடுப்பதைப் புதிதாகத்தான் கற்க வேண்டும். முப்பத்தைந்து நாற்பது வயதில், பக்கத்து லேனில் சின்னப் பிள்ளைகள் மீனாகப் பாய, இவர்கள் நுரைப்பலகையைப் பிடித்துக்கொண்டு காலடிக்கக் கற்கிறார்கள். பெரியவர்கள் அப்படி முதல் வகுப்பிலிருந்து ஆரம்பிப்பதைப் பார்க்க எனக்குக் கண் நிறையும்.

கடல் பழக்கத்துக்குச் சென்னை அல்லது புதுச்சேரி. முதல் நாள் இரவே கிளம்பி, விடிந்ததும், பயிற்சியாளரோடும் மிதவையோடும் மட்டும் இறங்குவார்கள். கடலில் கோடு கிடையாது. சில வீச்சுக்கு ஒருமுறை தலையைத் தூக்கி மிதவை எங்கே என்று பார்க்க வேண்டும். பார்க்காவிட்டால் 3.8 கிலோமீட்டர் நாலரை கிலோமீட்டராகிவிடும். களைத்தால் பாதுகாப்புப் படகைப் பிடித்துக்கொண்டு மூச்சு வாங்கலாம், விதி அதை அனுமதிக்கிறது. பிடித்தபடி முன்னேறக் கூடாது.

சென்னை – பெங்களூரு நெடுஞ்சாலையில் லாரிகளுக்கு நடுவே ஓட்டுகிறார்களே, ஆபத்து இல்லையா?

ஆபத்துதான். அதனால்தான் பெரும்பாலோர் நெடுஞ்சாலையைத் தவிர்த்து அமிர்தி, கணியம்பாடி, ஆரணி பக்கம் போகிறார்கள். ஏற்றம் பழக ஏலகிரியின் 14 கொண்டை ஊசி வளைவுகள் இருக்கின்றன.

வண்டி ஓட்டுகிற நீங்கள் செய்யக்கூடியது இது. முந்தும்போது ஒன்றரை மீட்டராவது தள்ளிப் போங்கள். எதிரே வந்தால் ஹைபீமை இறக்குங்கள். பின்னால் வந்து திடீரென்று ஹார்ன் அடிக்காதீர்கள், மெல்லிய டயர் அந்த அதிர்ச்சியில் திரும்பினால் ஆளே விழுந்துவிடுவார். மாலை போட்டுப் பாராட்டுவதைவிட இதுதான் இவர்களுக்கு வேண்டியது.

வேலூர் வெயிலில் இது எப்படி முடியும்?

அக்னி நட்சத்திரத்தில் 40 டிகிரியைத் தாண்டுகிற ஊர் இது. பாறைக் குன்றுகள் சூட்டை வாங்கி வைத்துக்கொண்டு இரவெல்லாம் வெளியே விடும். அதனால் ஏழரை எட்டு மணிக்குள் முடித்துவிடுவார்கள். மீதியை வீட்டுக்குள் சைக்கிளை ஸ்டாண்டில் மாட்டி, ஃபேனுக்கு எதிரே மிதிப்பார்கள்.

ஆனால் வெயில் வெறும் எதிரி இல்லை. பத்திலிருந்து பதினான்கு நாள் அளவாகச் சூட்டில் பயிற்சி செய்தால் உடம்பு பழகிவிடும். ரத்தத்தில் நீர்ப்பகுதி கூடும், வியர்வை சீக்கிரமே தொடங்கும், அதில் போகிற உப்பு குறையும், அதே வேகத்தில் இதயத்துடிப்பு இறங்கும். கோவா, லங்காவி மாதிரி புழுக்கமான இடங்களில் நடக்கும் போட்டிகளுக்கு நம்ம ஊர்க்காரர்கள் இந்த விஷயத்தில் நல்ல தயாரிப்போடுதான் போகிறார்கள்.

என்னதான் சாப்பிடுகிறார்கள்? பவுடர், மாத்திரையா?

உடம்பு சேர்த்து வைக்கிற மாவுச்சத்து சுமார் 2000 கலோரிதான். ஃபுல் போட்டிக்கு அதைப் போலப் பல மடங்கு வேண்டும். ஆகவே சைக்கிளில் இருக்கும்போதே மணிக்கு 60 முதல் 90 கிராம் வரை மாவுச்சத்து உள்ளே போக வேண்டும், வயிறு அதைத் தாங்கவும் பழக வேண்டும். கடையில் விற்கும் ஜெல் இதற்குத்தான். நம்ம ஆட்கள் பயிற்சியில் வாழைப்பழம், பேரீச்சம்பழம், கடலை உருண்டை, வெல்லமும் உப்பும் போட்ட எலுமிச்சைச் சாறு என்று போய்விடுவார்கள். கிளம்பும் முன் இட்லி நல்லது, நார் குறைவு, சீக்கிரம் செரிக்கும். கேழ்வரகுக் களியும் கூழும் பயிற்சி முடிந்து வந்த பிறகு. ஆம்பூர் பிரியாணியை யாரும் விட்டதாகத் தெரியவில்லை, ஞாயிறு மதியம் அதற்கென்றே ஒதுக்கப்பட்டது.

உடம்புக்கு ஆகாதே, இதயம் கெட்டுவிடாதா?

நாற்பது வயதைத் தாண்டியவர், சர்க்கரையோ ரத்தக் கொதிப்போ உள்ளவர், குடும்பத்தில் இதயநோய் இருப்பவர், மருத்துவரைப் பார்த்துப் பரிசோதித்த பின்தான் தொடங்க வேண்டும். ஆஸ்பத்திரிக்குப் பெயர்போன ஊரில் இருந்துகொண்டு அதைத் தள்ளிப்போட ஒரு காரணமும் இல்லை.

பயப்பட வேண்டிய விஷயங்களைச் சொல்லிவிடுகிறேன். ஓடும்போது நெஞ்சில் அழுத்தம், தலை கிறுகிறுப்பு வந்தால் உடனே நிறுத்த வேண்டும். வெயிலில் ஒருவர் சம்பந்தமில்லாமல் பேச ஆரம்பித்தால் அது வெப்பத்தாக்கு, உடனே தண்ணீர் ஊற்றிக் குளிர்வித்து ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். தாகத்துக்கு மீறி வெறும் தண்ணீரை லிட்டர் லிட்டராகக் குடித்தாலும் ரத்தத்தில் சோடியம் குறைந்து உயிருக்கே ஆபத்தாகலாம். பயிற்சிக்குப் பின் சிறுநீர் கறுப்புக் காப்பி நிறத்தில் போனால் தசை சிதைந்து சிறுநீரகத்தைத் தாக்குவதன் அறிகுறியாக இருக்கலாம். வலி மாத்திரை போட்டுக்கொண்டு ஓடுவதை நான் எதிர்க்கிறேன். நீர் வற்றிய உடம்பில் அது சிறுநீரகத்தைப் பதம் பார்க்கும்.

பணக்காரர்கள் விளையாட்டுதானே?

செலவு அதிகம்தான், மறைக்க முடியாது. ஆரம்பநிலை ரோடு பைக் வாங்கவே ஒரு நல்ல மொபெட் விலை ஆகும். நுழைவுக் கட்டணம், பயணம், தங்குமிடம் எல்லாம் சேர்ந்தால் ஹாஃப் ஒன்றுக்கே சேமிப்பு கரையும். அந்த சூப்பர்வைசர் சீட்டுக் கட்டித்தான் சைக்கிள் வாங்கினார், அதுவும் ஒருவர் ஓட்டி விற்றது. சங்கங்கள் பழைய சைக்கிள்களைக் கைமாற்றி இளைஞர்களுக்குக் கொடுத்தால் இன்னும் பலர் வருவார்கள் என்பது என் ஆசை.

வயலில் நாளெல்லாம் வெயிலில் குனிந்து நிற்கிறவர் இதைவிட உழைக்கவில்லையா?

உழைக்கிறார். கல் உடைக்கிறவரும் தோல் தூக்குகிறவரும் உழைக்கிறார்கள், அவர்களுக்கு வேண்டாம் என்று சொல்லும் வசதிகூட இல்லை. அவர்களை மதிக்காமல் இவர்களை மட்டும் மதிப்பது எனக்கும் சரியாகப்படவில்லை. ஆனால் புரட்டாசியில் நம் பக்கத்திலிருந்து திருப்பதிக்கு நடக்கிறவர்களைப் பார்த்து "நாத்து நடறவங்க இதைவிட நிக்கறாங்களே" என்று யாரும் சொல்வதில்லை. வழியில் மோர் கொடுக்கிறோம். தானாக எடுத்துக்கொண்ட கஷ்டத்துக்கும் நம்மிடம் மரியாதை எப்போதும் இருந்திருக்கிறது.

குடும்பத்தை விட்டுவிட்டு ஓடுவது நியாயமா?

விட்டுவிட்டு ஓடினால் நியாயமில்லை. பிள்ளைக்குக் காய்ச்சல் அடிக்கும்போது லாங் ரைடு போகிறவரை நான் மெச்சமாட்டேன். நான் மெச்சுகிறவர்கள் ஏழரைக்கு வீட்டில் இருப்பார்கள், பிள்ளைக்குத் தலைசீவி ஸ்கூல் வேனில் ஏற்றுவார்கள். நாலு மணிக்கு எழுந்திருப்பதே வீட்டாரின் நேரத்தைத் தொடாமல் இருக்கத்தான். ஒருவர் முடித்தார் என்றால் வீட்டில் இன்னொருவர் அந்த மாதங்களைச் சுமந்திருக்கிறார். வாழ்த்தும்போது அவரையும் சேர்த்து வாழ்த்துங்கள்.

பெண்கள் இருக்கிறார்களா?

இருக்கிறார்கள், குறைவாக. இருட்டுச் சாலை, துரத்துகிற நாய், பின்னாலேயே வருகிற பைக், "இந்த டிரெஸ்ஸில் எங்கே போற" என்கிற கேள்வி. ஆண்கள் நினைத்தே பார்க்காத இத்தனையையும் தாண்டித்தான் அந்த ஆசிரியை அக்கா பயிற்சியைத் தொடங்கவே முடிகிறது. அவர் இன்னும் இரண்டு பெண்களைச் சேர்த்துக்கொண்டு மூவராகப் போகிறார். தெருவிளக்கு எரியாத இடங்களைப் பற்றி மனு கொடுத்து எரிய வைத்தவரும் அவர்தான்.

கடைசியில் வருகிறவரைப் பாராட்ட என்ன இருக்கிறது?

2024ல் ஹவாய் உலகப் போட்டியில் ஜெர்மனியின் பாட்ரிக் லாங்கே 7 மணி 35 நிமிடத்தில் முடித்தார். அது வியப்புதான். ஆனால் பதினாறரை மணி நேரம் எடுத்துக்கொள்கிறவர் அவரைவிட இரண்டு மடங்கு நேரம் அதே பாதையில் இருக்கிறார். முழு வெயிலையும் வாங்குகிறார், சூரியன் மறைந்த பின்னும் தலையில் விளக்கோடு ஓடுகிறார். பந்தலைப் பிரிக்க ஆரம்பித்திருப்பார்கள், கைதட்ட ஆள் இருக்காது. கெடு முடிவதற்குள் போய்ச்சேர முடியுமா என்ற கணக்கு மட்டும் கூடவே ஓடும்.

2020 நவம்பரில் ஃபுளோரிடாவில் கிறிஸ் நிகிக் 16 மணி 46 நிமிடத்தில் முடித்தார். டவுன் சின்ட்ரோம் உள்ள ஒருவர் அயர்ன்மேனை முடித்தது அதுவே முதல் முறை. சைக்கிளில் விழுந்து எழுந்துதான் முடித்தார். கன்னியாஸ்திரி மடோனா புடர் 2012ல் 82 வயதில் முடித்தார். 2018ல் ஹவாயில் ஜப்பானின் ஹிரோமு இனடாவுக்கு வயது 85. இவர்கள் எல்லோரும் கெடுவை நெருங்கி வந்தவர்கள். கெடுவை 12 மணி நேரமாகக் குறைத்திருந்தால் இவர்கள் யாரையும் நாம் அறிந்திருக்கமாட்டோம்.

முடிக்காமல் திரும்பி வந்தால் என்ன சொல்வது?

"சாப்பிட்டியா?" என்று கேளுங்கள். காரணம் கேட்க வேண்டாம், அவரே சொல்வார். நல்ல முடிவெடுத்து நிறுத்தியவருக்குத் தோற்றவர் மாதிரி ஆறுதல் சொல்லவும் வேண்டாம்.

போட்டியைப் பார்க்கப் போகிறோம். என்ன செய்யலாம், என்ன செய்யக் கூடாது?

இந்தியாவில் எளிதாகப் போகக்கூடியது கோவாவில் 2019 முதல் நடக்கும் ஹாஃப். பணஜியில் மிராமர் கடற்கரையில் நீச்சல் தொடங்கும். விடியும் முன்பே இடம் பிடித்துவிடுங்கள்.

இளநீர் சீவிக்கொண்டு போய் உங்கள் ஆளிடம் நீட்டாதீர்கள். வெளியார் உதவி விதிப்படி தடை, அவருக்குத் தண்டனை நேரம் கிடைக்கும், தகுதியே போகலாம். தண்ணீர் அதற்கென்று உள்ள பந்தல்களில் மட்டும்தான். சைக்கிள் பகுதியில் அவர் முன்னால் போகிறவரை ஒட்டி ஓட்டவில்லையே என்று ஆதங்கப்படவும் வேண்டாம். காற்றை மறைத்துக்கொண்டு பின்னால் ஒட்டுவதும் குற்றம், 12 மீட்டர் இடைவெளி விட வேண்டும்.

சத்தம் போடலாம், தாராளமாக. முன்பக்கம் கட்டிய எண்ணோடு பெயரும் இருக்கும். முன்பின் தெரியாதவரையும் பெயர் சொல்லிக் கூப்பிடுங்கள், முகம் மாறுவதைப் பார்ப்பீர்கள். பதினைந்து கிலோமீட்டர் மிச்சமிருக்கும்போது "இன்னும் கொஞ்சம்தான்" என்று மட்டும் சொல்லாதீர்கள். "நல்லா ஓடறீங்க" போதும்.

என் மகளும் ஆசைப்படுகிறாள். எங்கே ஆரம்பிப்பது?

நீச்சலில். மற்ற இரண்டும் ஓரளவு தானாக வரும், நீச்சலுக்கு ஆசிரியர் வேண்டும். முதல் இலக்காக 'ஸ்பிரின்ட்' போதும்: 750 மீட்டர் நீச்சல், 20 கிலோமீட்டர் சைக்கிள், 5 கிலோமீட்டர் ஓட்டம். ஆறு மாதம் ஒழுங்காகப் பழகினால் எட்டக்கூடியது. சைக்கிள் இப்போதைக்கு வீட்டில் இருப்பதே போதும், பிரேக்கை மட்டும் சரிபார்த்துக்கொள்ளுங்கள். விலை உயர்ந்ததை இரண்டாவது போட்டிக்குப் பின் யோசிக்கலாம். ஹெல்மெட்டை மட்டும் முதல் நாளே வாங்கிவிடுங்கள். போட்டியிலும் அதன் வாரை மாட்டிய பிறகுதான் சைக்கிளைத் தொட வேண்டும் என்பது விதி, அந்தப் பழக்கம் வீட்டு வாசலிலேயே வரட்டும்.